கடலில் கோடு போட்டது யார்? சர்வதேசச் சட்டம் படிப்பது பற்றி நம் மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்து, சட்டம் படித்து, அதிலும் சர்வதேசச் சட்டத்தை எடுத்து மேலே படித்தவன் நான். ஊருக்கு வரும்போதெல்லாம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா, ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பிய அண்ணன்மார் என்று பலரும் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த இடங்களில்தான் விஷயம் இருக்கிறது.

சர்வதேசச் சட்டம் என்றால் என்ன? நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நாடுகள் ஒன்றோடொன்று நடந்துகொள்வதற்கு வைத்திருக்கிற விதிகள். எழுதிக் கையெழுத்துப் போட்ட உடன்படிக்கைகள் ஒரு பாதி, எழுதாமலேயே காலங்காலமாகக் கடைப்பிடித்து வந்த வழக்கம் இன்னொரு பாதி.

சம்பந்தம் என்ன என்று கேட்டால், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு தெருவில் பத்து வீடு ஏறி இறங்குங்கள். ஒரு வீட்டில் மகன் ஓமனில் இருப்பான், அவனுடைய பட்டச் சான்றிதழில் அப்போஸ்டில் என்ற ஒரு முத்திரை குத்தியிருக்கும். 1961-இல் ஹேக் நகரில் உருவான ஓர் உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்ததால்தான் அந்த முத்திரைக்கு வெளியூரில் மதிப்பு. அடுத்த வீட்டில் மருமகன் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பான், அவனுடைய சம்பளம், ஓய்வு நேரம், கப்பலில் கைவிடப்பட்டால் ஊர் திரும்பும் உரிமை எல்லாவற்றுக்கும் 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அடிப்படை. கடற்கரை வீடுகளுக்கு வந்தால் சொல்லவே வேண்டாம். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து புறப்படுகிற ஆழ்கடல் விசைப்படகு 22 கிலோமீட்டர் போனதுமே இந்தியாவின் முழு ஆட்சிக்கு உட்பட்ட கடலைத் தாண்டிவிடுகிறது. அதற்கப்புறம் அந்தப் படகில் இருக்கிற பத்துப் பதினைந்து பேரும் நாள் முழுக்கச் சர்வதேசச் சட்டத்துக்குள்தான் வாழ்கிறார்கள். டெல்லியில் கோட்டுப் போட்டுக்கொண்டு அதைப் படிக்கிற மாணவனைவிட அவர்களுக்குத்தான் அது நெருக்கம்.

நீங்கள் ஏன் இதைப் போய்ப் படித்தீர்கள்?

என் தாய்மாமா ஒருமுறை வெளிநாட்டுக் கடலில் படகோடு பிடிபட்டார். ஒரு தீவு நாடு, பெயர் வேண்டாம். வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு மாதத்துக்கு மேல் கழித்து ஆள் திரும்பி வந்தார், படகு வரவில்லை. திரும்பி வந்த அன்று என்னிடம் அவர் கேட்டது இது: "மக்ளே, கடல்ல கோடு போட்டது யாரு?" அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், பதில் தெரியவில்லை. பல வருஷம் கழித்து வகுப்பில் கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆம் பிரிவைப் படித்த அன்றுதான் புரிந்தது, அவருக்கு உரிமை இருந்திருக்கிறது, அதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆள் அந்த அறையில் இல்லை. அது இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது.

சரி, அந்தக் கோட்டைப் போட்டது யார்?

1982-இல் ஜமைக்காவின் மான்டேகோ பே நகரில் கையெழுத்தான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. 1994-இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 1995-இல் முறைப்படி சேர்ந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் சொந்தக் கடல். 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர், பிரத்யேகப் பொருளாதார மண்டலம்: அங்கே மீனும் கடலடி வளமும் கரை நாட்டுக்கு, கப்பல் போகிற சுதந்திரம் எல்லோருக்கும். அதற்கு அப்பால் ஆழ்கடல், யாருக்கும் சொந்தமில்லை. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

"யாருக்கும் சொந்தமில்லாத கடல்" என்ற எண்ணத்துக்கும் நம் மாவட்டத்துக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களை இந்தப் பக்கத்துக் கடலில் போர்ச்சுக்கீசியர் விடமாட்டேன் என்றபோது, கம்பெனிக்காக வாதாடிய க்ரோஷியஸ் என்ற இளம் வழக்கறிஞர் கடல் எல்லோருக்கும் திறந்தது என்று 1609-இல் ஒரு சிறு நூல் எழுதினார். சர்வதேசச் சட்டத்தின் வரலாறு என்று எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் அவர் முதல் பக்கங்களில் இருப்பார். அதே கம்பெனியின் படைதான் 1741-இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றது, பிடிபட்ட தளபதி டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கடல் எல்லோருக்கும் பொது என்று எழுதி வாங்கிய கம்பெனி, கரைக்கு வந்ததும் மிளகு எங்களுக்கு மட்டும் என்று சண்டை பிடித்தது. விதி எழுதுகிறவனுக்கு ஒரு லாபம் இருக்கும், யாருடைய லாபம் என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும் என்று எனக்கு உணர்த்தியது குளச்சல்தான்.

பக்கத்து நாட்டோடு 200 மைல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் என்ன செய்வது? பேசித் தீர்த்துக் கோடு போட வேண்டும். இந்தியாவும் இலங்கையும் 1974-இல் பாக் நீரிணையிலும், 1976-இல் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் போட்டன. கச்சத்தீவு என்று 1974 பற்றி எல்லோரும் பேசுவார்கள். 1976 பற்றி நம் ஊரில்கூட அதிகம் பேர் பேசுவதில்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க் என்ற வளமான மீன்பிடித் திட்டு இந்தியாவின் மண்டலத்துக்குள் வருகிறது, இலங்கைப் படகுகளுக்கு அங்கே உரிமை கிடையாது, 6 படகுகளுக்கு மட்டும் 3 ஆண்டுகள் அனுமதி என்று அந்த ஆண்டுக் கடிதப் பரிமாற்றத்தில் எழுதியிருக்கிறது. நம் கட்டுமரக்காரர்களும் வள்ளக்காரர்களும் காலங்காலமாக நம்பிப் பிழைக்கிற இடம் அது. இரண்டு அரசுகளின் அதிகாரிகள் மாற்றிக்கொண்ட சில பக்கக் கடிதத்தில் அதன் கதை முடிவானது.

உலகத்துக்கென்று பாராளுமன்றம் கிடையாதே, அப்புறம் யார்தான் சட்டம் போடுகிறார்கள்?

நாடுகளே கூடி உட்கார்ந்து போடுகின்றன. ஐ.நா. பொதுச்சபைதான் உலகப் பாராளுமன்றம் என்று பலர் நினைக்கிறார்கள். 193 நாடுகளுக்கும் அங்கே ஆளுக்கொரு ஓட்டு உண்டு, ஆனால் அதன் தீர்மானங்களில் பெரும்பாலானவை நாடுகளைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது உடன்படிக்கைதான், அதுவும் சேர்ந்த நாட்டை மட்டும். (எழுதாத வழக்கம் எல்லோரையும் கட்டும், அது தனிப் பாடம்.)

ஒரு விதி எப்படிப் பிறந்து நம் துறைமுகம் வரை வருகிறது என்பதற்குச் சுறா கதையைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. தூத்தூர் வட்டாரம் சுறாத் தூண்டிலுக்குப் பேர்போனது, உங்களுக்குத் தெரியும். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973-இல் சைட்டிஸ் என்ற உடன்படிக்கை உருவானது, இந்தியா 1976-இல் சேர்ந்தது. சேர்ந்த நாடுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி, எந்த உயிரினத்தைப் பட்டியலில் சேர்ப்பது என்று ஓட்டுப் போடும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2013-இல் பாங்காக்கில் கூடியபோது கொம்பன் சுறா வகைகள் சிலவற்றைச் சேர்த்தார்கள். 2016-இல் இன்னும் சில. 2022-இல் பனாமாவில் ஒரு பெரிய சுறாக் குடும்பத்தையே சேர்த்துவிட்டார்கள். இதற்கு நடுவே 2015-இல் இந்தியா சுறாத் துடுப்பு ஏற்றுமதியை மொத்தமாகத் தடை செய்தது. அப்புறம் 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் பட்டியலுக்கென்றே ஓர் அட்டவணையை உள்ளே கொண்டுவந்தது. பாங்காக்கில் கை தூக்கினார்கள், தேங்காய்ப்பட்டணத்தில் விலை விழுந்தது.

சுறாவைக் காப்பாற்றுவது தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, எண்ணிக்கை குறைந்ததை முதலில் கண்டவர்களும் நம் ஆட்கள்தான். ஆனால் அந்த அறைகளில் பல நாட்டு அரசுகள் இருந்தன, சுற்றுச்சூழல் அமைப்புகள் இருந்தன, தூண்டில் போடுகிறவன் பக்கத்துக் கணக்கைச் சொல்ல எத்தனை பேர் இருந்தார்கள்? பார்வையாளர் இடத்தில் மீனவர் அமைப்புகளும் உட்கார முடியும், முன்கூட்டியே மனு எழுத வேண்டும், அறிக்கை தயாரிக்க வேண்டும், அதற்குப் படித்த ஆள் வேண்டும். இந்தப் படிப்புக்கு நம் ஊரிலிருந்து ஆள் போக வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

எல்லா இடத்திலும் ஓட்டு முறை கிடையாது. உலக வர்த்தக அமைப்பில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் நகரும். மீன்பிடி மானியம் பற்றி 2001-இல் தொடங்கிய பேச்சு 2022 ஜூனில்தான் ஜெனீவாவில் ஒரு ஒப்பந்தமாக முடிந்தது, நடைமுறைக்கு வந்தது 2025 செப்டம்பரில். அதுவும் முதல் பாதிதான். அளவுக்கு மீறிப் பிடிக்கவைக்கும் மானியங்கள் பற்றிய இரண்டாவது பாதியில்தான் நம் டீசல் மானியம் போன்றவை வருகின்றன, அதில் வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்று இந்தியா கேட்டது.

கையெழுத்துப் போட்டால் போதுமா? இந்தியாவில் உடனே சட்டமாகிவிடுமா?

ஆகாது. கையெழுத்து என்பது நிச்சயதார்த்தம் மாதிரி, அதற்கப்புறம் ஒப்புறுதி என்று ஒன்று கொடுத்தால்தான் கல்யாணம். ஆழ்கடலின் பல்லுயிர் பற்றிய 2023-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா 2024 செப்டம்பரில் கையெழுத்துப் போட்டது. 60 நாடுகள் ஒப்புறுதி கொடுத்தால்தான் அது உயிர் பெறும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள், 2025 செப்டம்பரில் அந்த எண்ணிக்கை எட்டியது.

உள்நாட்டில் அதைச் செல்லுபடியாக்கப் பெரும்பாலும் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டும், அரசியலமைப்பின் 253-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. சட்டம் இல்லாத இடத்தில் நீதிமன்றம் சில நேரம் உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளும். வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிராக 1997-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விசாகா தீர்ப்பு அப்படித்தான் வந்தது, பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உடன்படிக்கையை ஆதாரமாக வைத்து.

போலீஸ் இல்லாத சட்டம் சட்டமா? வல்லவன் வைத்ததுதானே விதி?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. நேர்மையாகப் பதில் சொல்கிறேன்.

மீறல்கள் உண்டு, பெரிய நாடுகள் மீறினால் தடுப்பது கஷ்டம். நிகராகுவா தொடுத்த வழக்கில் 1986-இல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லிப் பாதுகாப்பு சபைக்குப் போனால் அங்கே அமெரிக்காவுக்கே வீட்டோ இருக்கிறது, போட்டது. 2016-இல் தென்சீனக் கடல் வழக்கில் பிலிப்பைன்ஸ் ஜெயித்தது, சீனா அந்தத் தீர்ப்பு செல்லாது என்று சொல்லிவிட்டது.

இப்போது மறுபக்கம். வங்காள விரிகுடாவில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் கடல் எல்லைத் தகராறு. 2014 ஜூலையில் நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்னது: தகராறில் இருந்த சுமார் 25,600 சதுர கிலோமீட்டரில் 19,467 சதுர கிலோமீட்டர் வங்கதேசத்துக்கு. இந்தியா பெரிய நாடு, கடற்படை பெரியது, யாரும் வந்து கட்டாயப்படுத்த முடியாது. ஏற்றுக்கொண்டது. ஏன்? நாளைக்கு இன்னொரு தகராறில் இதே சட்டம் நமக்கு வேண்டும். கோடு தெளிவாக இருந்தால்தான் எண்ணெய்க் கம்பெனிகூட முதலீடு போடும். அண்டை நாட்டோடு தினமும் வேலை இருக்கிறது. பெரும்பாலான நாடுகள் பெரும்பாலான நாட்களில் விதிப்படி நடப்பதற்கு இந்த மாதிரிச் சாதாரணக் காரணங்கள்தான். ஊரில்கூட, வரப்பை ஒருவன் தள்ளாமல் இருப்பது எப்போதும் போலீஸுக்குப் பயந்தா?

சாகோஸ் தீவுகளின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள், அது நம் படகுக்காரர்களையும் தொடுகிறது. குமரி முனையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 1,800 கிலோமீட்டரில் இருக்கிற டியேகோ கார்சியா அந்தக் கூட்டத்தில் ஒரு தீவு, அமெரிக்க ராணுவத் தளம் இருக்கிறது. தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் அந்தக் கடலில் பிடிபட்ட சம்பவங்கள் உண்டு. மொரீஷியஸுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு முன்னால், 1965-இல், பிரிட்டன் அந்தத் தீவுகளைப் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டது, அங்கே வாழ்ந்த மக்களையும் பிறகு வெளியேற்றியது. 2010-இல் சுற்றிலும் மீன்பிடிக்கத் தடை என்றது. மொரீஷியஸ் வழக்குப் போட்டது, 2015-இல் நடுவர் மன்றம் அந்தத் தடையை அறிவித்த விதம் உடன்படிக்கைக்கு விரோதம் என்றது. 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் 13-க்கு 1 என்ற கணக்கில், பிரிட்டன் அங்கிருந்து கூடிய விரைவில் வெளியேற வேண்டும் என்று ஆலோசனைக் கருத்துச் சொன்னது. ஆலோசனைதான், கட்டுப்படுத்தாது. அதே ஆண்டு மே மாதம் பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம், 6 நாடுகள் எதிர்ப்பக்கம். பிரிட்டன் முதலில் அசையவில்லை. சரியாக ஆறு வருஷம் கழித்து, 2025 மே 22 அன்று, இறையாண்மையை மொரீஷியஸுக்குக் கொடுத்து, டியேகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டு தன் கையில் வைத்துக்கொள்ளும் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டது. கையெழுத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தை மேலே சொன்னேன். துரத்தப்பட்ட மக்களுக்கு இதில் முழு நியாயம் கிடைத்ததாகவும் நான் நினைக்கவில்லை. ஆனால் நம் மாவட்டத்தைவிட ஆள்தொகை குறைந்த ஒரு சின்ன நாடு, பீரங்கி இல்லாமல், கட்டுக் கட்டாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு பிரிட்டனை மேசைக்கு இழுத்தது. பல ஆண்டு விடாமல் கோப்பை நகர்த்திய வழக்கறிஞர்கள் அங்கே இருந்தார்கள்.

வெளிநாட்டுக் கடலில் படகு பிடிபட்டால் ஜெயிலில் போடலாமா?

பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் மீன் பிடித்த குற்றத்துக்கு மட்டும் என்றால், கூடாது. 73-ஆம் பிரிவு சொல்வது: நியாயமான பிணைத்தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் உடனே விட வேண்டும், நாடுகளுக்கிடையே வேறு உடன்பாடு இல்லாத வரை தண்டனையில் சிறை இருக்கக் கூடாது, உடலை வருத்தும் தண்டனை எதுவும் கூடாது, பிடித்த செய்தியை நம் அரசுக்கு உடனே சொல்ல வேண்டும்.

விடவில்லை என்றால் 292-ஆம் பிரிவு. 10 நாளுக்குள் இரு நாடுகளும் வேறு நீதிமன்றத்துக்கு ஒத்துப்போகவில்லை என்றால், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருக்கிற கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1997-இல் சைகா என்ற கப்பலை கினி நாடு பிடித்து வைத்தபோது, நவம்பர் 13-இல் மனு, டிசம்பர் 4-இல் தீர்ப்பு. மூன்றே வாரம். ஆனால் ஒன்று: படகு முதலாளி நேராகப் போக முடியாது, படகின் கொடி நாடுதான், அதாவது படகு பதிவான நாடுதான் போக வேண்டும், அல்லது அந்த நாடு அதிகாரம் கொடுத்த ஒருவர் போகலாம். அந்த "அல்லது"க்குப் பின்னால் வருவது ரொம்ப முக்கியம். அரசுக்கு ஆயிரம் வேலை, நூறு ராஜதந்திரக் கணக்கு. எழுதித் தயாராக வைத்துக்கொண்டு, கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று கேட்கிற வழக்கறிஞர் நம் பக்கத்தில் இருந்தால் நிலைமை மாறும்.

கவனம், இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 12 மைலுக்குள் பிடிபட்டால் 73 உதவாது. பாக் நீரிணையிலும் சிக்கல்தான், அங்கே 1974 ஒப்பந்தம் அந்தக் கடலை வரலாற்று நீர்ப்பரப்பு என்கிறது, அது இரண்டு நாடுகளுக்கும் உள்கடல் மாதிரி. ராமேஸ்வரத்து மீனவருக்கும் வள்ளவிளை மீனவருக்கும் பிரச்சினை ஒன்றுபோலத் தெரியும், சட்டப்படி வேறு வேறு. பேட்டிகளில் இதை ஒன்றாகக் குழப்பிப் பேசுவதால் இரண்டு பேருக்குமே நஷ்டம்.

இத்தாலிக் கப்பல் சுட்ட வழக்கில் நமக்கு நியாயம் கிடைத்ததா?

2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து 20.5 கடல் மைல் தூரத்தில், எண்ணெய்க் கப்பல் என்ரிகா லெக்ஸியில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் செயின்ட் ஆன்டனி படகில் இரண்டு மீனவர்கள் செத்துப்போனார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், ஒருவர் நம் மாவட்டத்துப் பையன். கடற்கொள்ளையர் என்று நினைத்தோம் என்றது அந்தத் தரப்பு.

20.5 என்பது 12-க்கு வெளியே, 200-க்கு உள்ளே. அந்த இடைவெளியில்தான் வழக்கு ஒன்பது வருஷம் ஓடியது. கேரளாவுக்கு விசாரிக்க அதிகாரம் இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்கட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் இத்தாலி ஹாம்பர்க் போனது, அப்புறம் ஐந்து பேர் கொண்ட நடுவர் மன்றம். 2020-இல் வந்த முடிவு இரண்டு பக்கமும் வெட்டியது. வீரர்கள் அரசுப் பணியில் இருந்ததால் அவர்களை இந்தியா தண்டிக்க முடியாது, இது 3-க்கு 2 என்ற நூலிழை. ஆனால் நம் படகின் கடற்பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது, உயிரிழப்புக்கும் காயத்துக்கும் படகுச் சேதத்துக்கும் படகில் இருந்தவர்கள் பட்ட மன வேதனைக்கும் ஈடு கொடுக்க வேண்டும். 10 கோடி ரூபாய் இத்தாலி கட்டியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இரண்டு குடும்பத்துக்கும் 4 கோடி வீதம், படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று பிரித்து வழக்கை முடித்தது.

நியாயமா? என் கருத்து: முழு நியாயம் இல்லை. சுட்டவர்கள் இந்திய நீதிமன்றத்தில் விசாரிக்கப்படவே இல்லை, அந்த அம்மாமாரிடம் போய் விலக்குரிமைக் கோட்பாட்டை விளக்க எனக்கு வாய் வராது. ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி நின்றுவிட்டது. சின்ன மீன்பிடிப் படகுக்கும் கப்பலுக்கு இருக்கிற அதே பயணச் சுதந்திரம் உண்டு, அதைத் துப்பாக்கியால் தடுத்தால் அந்த நாடே பொறுப்பு. இதை இனி யாரும் மேற்கோள் காட்டலாம்.

ஒக்கி புயலில் பக்கத்தில் போன கப்பல்கள் நிற்கவில்லை என்று சொன்னார்களே, அது குற்றமில்லையா?

2017 நவம்பர் கடைசியில் வந்த அந்த ராத்திரியைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். கடல் சட்ட உடன்படிக்கையின் 98-ஆம் பிரிவின்படி, தன் கப்பலுக்கும் ஆட்களுக்கும் பெரிய ஆபத்து இல்லாத வரை, கடலில் உயிருக்குப் போராடுகிறவரைக் காப்பாற்றும்படி கப்பல் தலைவனைக் கட்டாயப்படுத்துவது அவனுடைய கொடி நாட்டின் கடமை. எனவே எந்தக் கொடி, என்ன பெயர், எந்த இடம் என்று தெரியாமல் புகார் நிற்காது. கப்பலின் பெயர் கண்ணில் பட்டால் எழுதுங்கள், முடிந்தால் போட்டோ எடுங்கள், ஜிபிஎஸ் புள்ளியைக் குறியுங்கள்.

எங்கே படிப்பது? செலவு கட்டுமா?

பிளஸ் டூ முடித்தால் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு, ஒரு பட்டம் முடித்திருந்தால் மூன்றாண்டு. நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி, கட்டணம் குறைவு, டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் தேர்வு எழுத வேண்டும், 2 மணி நேரம், 120 கேள்வி, முழுக்க ஆங்கிலம். திருச்சியில் இருக்கிற தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அதே தேர்வு. அங்கே கட்டணம் அதிகம், கடன் வாங்குவதற்கு முன் உதவித்தொகையை விசாரியுங்கள்.

எந்தக் கல்லூரியானாலும் சர்வதேசச் சட்டம் கட்டாயப் பாடம்தான், ஆனால் ஒரே ஒரு தாள். ஆழமாகப் போக வேண்டும் என்றால் எல்.எல்.எம். என்ற முதுகலைச் சட்டப்படிப்பு. டெல்லியில் தெற்காசியப் பல்கலைக்கழகம், பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி எல்லாம் பார்க்கலாம். ஹேக் நகரத்துச் சர்வதேசச் சட்ட அகாதமி 1923 முதல் கோடைக்கால வகுப்புகள் நடத்துகிறது, உதவித்தொகையும் உண்டு. கல்லூரியில் இருக்கும்போதே ஜெஸப் என்ற மாதிரி-நீதிமன்ற வாதப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள், ஜெயிப்பது முக்கியமில்லை, இரண்டு பக்கத்துக்கும் வாதம் எழுத வைப்பார்கள், அதுதான் பயிற்சி.

தமிழ் வழியில் படித்தவன், முடியுமா?

முடியும், நானும் தமிழ் வழிதான். ஆனால் ஆங்கிலம் தவிர்க்க முடியாது, சர்வதேச நீதிமன்றத்தின் மொழிகளே பிரெஞ்சும் ஆங்கிலமும்தான். முதல் இரண்டு வருஷம் வலிக்கும். 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் தமிழில் கிடைக்கிறது, 30 பிரிவுதான். தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அப்புறம் கடல் சட்ட உடன்படிக்கையின் 55 முதல் 75 வரையான பிரிவுகள். ஐ.நா.வின் ஒலி-ஒளி நூலகத்தில் பெரிய பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன. இதற்கெல்லாம் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

வேலை கிடைக்குமா?

ஐ.நா. வேலை என்று மட்டும் மனதில் வைத்தால் ஏமாற்றம்தான், இடம் குறைவு, போட்டி உலகம் முழுக்க. வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவு, கப்பல், காப்பீடு, வர்த்தகம் சார்ந்த வழக்கறிஞர் தொழில், ஆசிரியர் வேலை, தொண்டு நிறுவனங்கள், இவை நடைமுறையான வழிகள். சிவில் சர்வீஸ் தேர்வில் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் முதல் தாளிலேயே சர்வதேசச் சட்டம் வரும், மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். முதல் சில வருஷம் நாகர்கோவில் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ சாதாரண வழக்கு நடத்திக் கை பழகுங்கள். மனு எழுதத் தெரியாதவன் ஹாம்பர்க்கில் நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது.

என் அண்ணன் போன படகு பிடிபட்டதாக இப்போதுதான் செய்தி வந்தது. என்ன செய்ய வேண்டும்?

பதற்றத்தில் முதலில் ஆளாளுக்கு அரசியல்வாதி வீட்டுக்கு ஓடாதீர்கள், அது அப்புறம். படகின் பதிவுச் சான்று, உரிமம், போன ஆட்களின் ஆதார், மீனவர் அடையாள அட்டை எல்லாவற்றையும் நகலெடுங்கள். கடைசியாக வயர்லெஸ்ஸிலோ சாட்டிலைட் போனிலோ யார் பேசினார்கள், எந்தப் புள்ளியில் இருந்தார்கள் என்று கேட்டு, கேட்டபடியே எழுதுங்கள். மீன்வளத்துறைக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர்க்கும் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

பிடித்த நாட்டில் நம் தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் உரிமை 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை 36-ஆம் பிரிவில் இருக்கிறது. பாகிஸ்தான் பிடித்து வைத்த குல்பூஷண் ஜாதவ் என்ற இந்தியரின் வழக்கில் 2019-இல் சர்வதேச நீதிமன்றத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா 15-க்கு 1 என்று ஜெயித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான். அண்ணனோடு ஒரு நிமிஷம் போனில் பேசக் கிடைத்தால் மூன்று விஷயம் சொல்லுங்கள்: இந்தியத் தூதரகத்து ஆள் வேண்டும் என்று கேள், பிணைத்தொகை எவ்வளவு என்று கேள், படித்துச் சொல்ல ஆள் வராமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. பிடிபட்ட நாளையும் நேரத்தையும் காலண்டரில் குறித்து வையுங்கள், 10 நாள் கணக்கு அன்றிலிருந்துதான் ஓடுகிறது.